வேதியர்கள்: ஏலாக்குறிச்சி முதல் அன்பியம் வரை

குருவானவர் தங்கியிராத ஊர்களில் கிறிஸ்தவர்களைக் கூட்டி, செபங்களைச் சொல்லிக்கொடுத்து, மறைக்கல்வி நடத்தி, அச்சிறு சமூகத்தை வழிநடத்திய பொதுநிலையினர் தமிழ்க் கத்தோலிக்க மரபில் வேதியர் எனப்பட்டனர். சீர்திருத்தச் சபைகளில் இதே பணியைச் செய்தவர்களுக்கு உபதேசியார் என்ற பெயர் நிலைத்தது. தமிழகத்தில் கிறிஸ்தவம் ஊர் ஊராகப் பரவி நிலைபெற்றதில் ஐரோப்பியக் குருக்களின் பங்கு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊர்களை நாள்தோறும் நடத்திவந்த வேதியர்களில் பெரும்பாலோரின் பெயர்கூடத் தெரியாது.

இவர்களுக்கென்றே தமிழில் எழுதப்பட்ட நூல் 'வேதியர் ஒழுக்கம்'. வீரமாமுனிவர் 1727ஆம் ஆண்டை ஒட்டி இதை எழுதினார். அக்காலத்தில் அவருடைய பணியின் மையமாக விளங்கிய ஏலாக்குறிச்சி, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமானூருக்கு அருகே, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கத்தோலிக்க ஊர்களில் இயங்கும் அன்பியங்களுக்கு முன்னோடியான ஒரு தலைமை முறையை ஏலாக்குறிச்சியின் வரலாற்றில் காணலாம்.

நிலமும் அரசியலும்

பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர் மாவட்டம் மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமாக உருப்பெற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதியின் நிலை வேறு. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூரை 1676 முதல் மராட்டிய மன்னர்கள் ஆண்டனர். மேற்கே திருச்சிராப்பள்ளியில் மதுரை நாயக்கர் ஆட்சி 1736 வரை நீடித்தது. இடைப்பட்ட வடகரையில் அரியலூர் மழவராயர், உடையார்பாளையம் பாளையக்காரர் ஆகியோர் தத்தம் பாளையங்களை ஆண்டுவந்தனர். பெரிய அரசுகளுக்குக் கட்டுப்பட்டும் கட்டுப்படாமலும் இருந்த இச்சிறு ஆட்சிகள், ஓர் அரசில் இடர்ப்பட்டவர்கள் ஆற்றைக் கடந்து வந்து தங்குவதற்கு வாய்ப்பளித்தன.

தஞ்சை மன்னர் சகஜியின் காலத்தில், 1701இல், அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் கடும் அடக்குமுறைக்கு உள்ளாயினர். கோயில்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் தஞ்சை நாட்டுக்குள் வெளிப்படையாகச் சென்றுவருவது அரிதாயிற்று. தென்கரை ஊர்களில் எஞ்சிய கிறிஸ்தவர்களுக்கு வடகரை ஒதுங்கிடமாக அமைந்தது. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர் வழங்குவதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வீரமாமுனிவர் இவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அடைக்கலம், காவல் என்ற இரு சொற்களும் அன்றைய மக்களின் உடனடித் தேவைகளைச் சொல்பவை. அரியலூர் மழவராயரின் நோய் வீரமாமுனிவரால் தீர்ந்ததாகவும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் அளித்ததாகவும் மரபுவழிச் செய்தி உண்டு.

வேதியர் என்ற சொல்

தமிழ் இலக்கியத்தில் வேதியர் என்பது வேதம் ஓதும் அந்தணரைக் குறிக்கும் சொல். இயேசு சபையினர் தமது சமயத்துக்கு 'வேதம்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டனர். இன்றும் சிற்றூர்களில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றும், அவர்களின் ஆலயத்தை வேதக்கோயில் என்றும் சொல்வதைக் கேட்கலாம். வேதத்தைக் கற்பிப்பவர் என்ற பொருளில் வேதியர் என்ற பட்டம் மறைக்கல்வி ஆசிரியருக்கு வந்து சேர்ந்தது.

இது வெறும் பெயர் மாற்றம் அல்ல. பிறப்பால் ஒரு குலத்தாருக்கு உரியதாக இருந்த சொல், ஒரு பணியை ஏற்றுக்கொண்டவருக்கு உரியதாயிற்று. உழவராகவோ நெசவாளராகவோ இருந்த ஒருவர், ஊராரால் வேதியர் என்று அழைக்கப்படும் நிலையை அடைந்தார். ஆனால் பட்டம் கிடைத்தவுடன் மதிப்பும் கிடைத்துவிடுவதில்லை. பிறப்பும் செல்வமும் தராத மதிப்பை அவர் எங்கிருந்து பெறுவார் என்ற கேள்வி எழுந்தது. வீரமாமுனிவரின் நூல் தலைப்பிலேயே அதற்குரிய விடையைக் கொண்டிருந்தது: ஒழுக்கம்.

வேதியரின் பணிகள்

1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த காலம் முதலே இயேசு சபையின் மதுரை மறைப்பணி வேதியர்களைச் சார்ந்து இயங்கியது. காவிரிக் கரையிலிருந்து மறவர் சீமை வரை பரந்து கிடந்த பகுதிக்குக் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். ஒரு குருவானவர் தம் பொறுப்பிலுள்ள ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு முறை செல்வதே பெரிது. போரும் வெள்ளமும் பஞ்சமும் வந்தால் அதுவும் தவறிவிடும். ஆண்டின் எஞ்சிய நாள்களில் திருச்சபை என்று அவ்வூர் மக்கள் கண்டது வேதியரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைச் சிறு கோயிலிலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ கூட்டுவது அவருடைய முதற்கடமை. திருப்பலி நிறைவேற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. எனவே செபங்களை அவர் சொல்ல மக்கள் திருப்பிச் சொல்வதும், மறைநூல் செய்திகளை வாசித்து விளக்குவதும், குறிப்பிடம் எனப்பட்ட வினாவிடை முறையில் கற்பிப்பதும் அக்கூட்டத்தின் நடைமுறையாயின. எழுத்தறியாதவர்களே மிகுந்த சமூகத்தில் எல்லாம் மனப்பாடமாகவே கற்பிக்கப்பட்டன. எனவே சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது வேதியரின் தொழிலாகவே ஆனது.

இவை தவிர நோயாளிகளைச் சென்று பார்த்தல், இறப்புத் தறுவாயில் உள்ளவருக்கு அருகிருந்து செபம் சொல்லுதல், அடக்கச் சடங்கை நடத்துதல், குடும்பச் சண்டைகளைத் தீர்த்துவைத்தல் ஆகியவையும் அவர் பொறுப்பில் இருந்தன. பிழைக்காது என்று அஞ்சப்பட்ட குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் அவரே. இன்றியமையாத நேரத்தில் பொதுநிலையினர் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய விதி. புதிதாகச் சேர விரும்புவோரைப் பயிற்றுவித்துத் தகுதி பார்ப்பதும், குருவானவர் வரும்போது பாவசங்கீர்த்தனத்துக்கு மக்களை ஆயத்தம் செய்வதும், ஊர் நிலவரத்தை அவருக்கு எடுத்துரைப்பதும் அவருடைய வேலைகள்.

அடக்குமுறை வந்தால் முதலில் பிடிபடுபவரும் அவர்தான். வெளிநாட்டுக் குருவானவர் வேறு நாட்டுக்குச் சென்று தங்கலாம். வேதியரின் வீடும் நிலமும் உறவும் அதே ஊரில் இருந்தன. 1686இல் மறவர் சீமையில் அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ சிறைப்பட்டபோது வேதியர்களும் அவருடன் பிடிபட்டுத் துன்புறுத்தப்பட்டனர்.

வீரமாமுனிவரும் 'வேதியர் ஒழுக்கம்' நூலும்

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1710இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணிக்கு வந்து சேர்ந்தார். 1720களிலும் 1730களிலும் ஏலாக்குறிச்சி அவருடைய பணியின் மையமாக இருந்தது. தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி ஆகியவற்றின் ஆசிரியராகத் தமிழுலகம் அவரை அறியும். புலவர்களுக்காகச் செய்யுள் எழுதிய அவரே, வேதியர்களுக்காக உரைநடையில் எழுதினார். வேதியர் ஒழுக்கம் 20 அதிகாரங்கள் கொண்டது. தமிழ் உரைநடை வளர்ச்சியைப் பேசுவோர் இந்நூலைத் தவறாமல் குறிப்பிடுவர்.

இந்த நூல் வேதியரை நேரே விளித்துப் பேசுகிறது. அவர் ஏற்றிருக்கும் பணியின் மேன்மை, அதற்குத் தேவையான பக்தி, பிறருக்குக் காட்ட வேண்டிய முன்மாதிரி, ஆன்மாக்களின் மீட்பில் கொள்ள வேண்டிய அக்கறை ஆகியவை இதன் மையப் பொருள்கள். இயேசு சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி மரபே இதற்கு அடித்தளம். அம்மரபில் ஒருவர் பிறருக்குப் போதிக்கும் முன், தனித்திருந்து தன் வாழ்வைத் தானே ஆராய வேண்டும். ஐரோப்பாவில் துறவியருக்கும் கற்றவர்களுக்கும் பயன்பட்ட இப்பயிற்சியை, மனைவி மக்களோடு ஊரில் வாழும் ஒரு வேதியருக்கும் உரியதாக்கியதில் இந்நூலின் புதுமை உள்ளது.

இந்த முயற்சிக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. குருவானவரின் கண்காணிப்பு ஆண்டில் சில நாள்கள் மட்டுமே கிடைக்கும். மற்ற நாள்களில் வேதியரைத் திருத்த அருகில் யாரும் இல்லை. ஊராரிடம் பணம் வாங்கிக்கொண்டு வழக்கில் ஒருபக்கம் சாய்ந்தாலும், குடும்பத்தோடு கட்சி கட்டினாலும், அந்தச் சமூகமே சிதறிவிடும். வெளிக் கண்காணிப்பு இயலாதபோது உள்ளிருந்து வரும் கண்காணிப்பே வழி. ஆகவே நடத்தை விதிகளின் பட்டியலாக மட்டும் அமையாமல், வேதியரின் மனச்சான்றைப் பழக்கும் நூலாகவும் இது அமைந்தது.

நூல் ஓலைச்சுவடிகளாகப் படியெடுக்கப்பட்டு வழங்கியது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறியது. தகுதியற்ற தலைமை எப்படி இருக்கும் என்பதையும் இதே ஆசிரியர் வேறொரு வகையில் எழுதியிருக்கிறார். மொழி கற்போருக்காக அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை, மூடக் குருவையும் அவருக்கேற்ற சீடர்களையும் பற்றிய நகைச்சுவை நூல். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்கு, வழிநடத்துதல் என்ற பொருள் வீரமாமுனிவரின் சிந்தனையில் பெற்றிருந்த இடம் புலப்படும்.

தென்கரையில் இராசநாயக்கன்

ஏலாக்குறிச்சியில் இந்நூல் உருவான அதே ஆண்டுகளில், கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை நாட்டில் மற்றொரு நிகழ்வு நடந்தது. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இல் அச்சாயின; 1715இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தது. தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்ற கத்தோலிக்கர் கையில் அந்த அச்சுப் புத்தகம் கிடைத்தது. அதைப் படித்த அவர் 1720களின் இறுதியில் தரங்கம்பாடி லூத்தரன் மறைப்பணியாளர்களைத் தேடிச் சென்று அவர்களோடு இணைந்தார். உறவினரும் அவரைப் பின்பற்றினர். பின்னர் அவர் தஞ்சைப் பகுதியின் உபதேசியாராகி, 1771இல் இறக்கும்வரை அப்பணியில் இருந்தார்.

ஐரோப்பியர் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டில் லூத்தரன் சபைகளை நடத்தியவர்கள் இத்தகைய உபதேசியார்களே. ஒரு மனிதர் இடம் மாறியபோது அவரைச் சார்ந்திருந்த சிறு குழுவும் இடம் மாறியதை இயேசு சபையினர் கண்டனர். லூத்தரன் போதனையை மறுத்து வீரமாமுனிவர் எழுதிய வேத விளக்கம் முதலிய நூல்கள் இந்தப் போட்டியின் விளைவுகள். இரு தரப்பாரிடையே சொற்போர் மட்டுமன்றி, ஊர்களில் கைகலப்பும் பகையும் இருந்தன. ஆயினும் வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்தான்.

சாதியும் தலைமையும்

ஒழுக்கமே தலைமைக்குத் தகுதி என்ற கொள்கை நடைமுறையில் எங்கே தடைப்பட்டது என்பதையும் இராசநாயக்கனின் வாழ்க்கை காட்டுகிறது. தரங்கம்பாடி மறைப்பணியில் 1733இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்; கடலூரைச் சேர்ந்த வேளாளர். அடுத்து 1741இல் குருப்பட்டம் பெற்ற தியோகுவும் வேளாளரே. பறையர் குலத்தைச் சேர்ந்த இராசநாயக்கனின் உழைப்பையும் அறிவையும் மறைப்பணியாளர்கள் போற்றினார்கள். ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்து பெற வேளாளர் உடன்பட மாட்டார்கள் என்ற தயக்கம் அவர்களைத் தடுத்தது. அவர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

கத்தோலிக்க மறைப்பணியிலும் நிலைமை மாறுபடவில்லை. நொபிலியின் காலத்திலேயே, 1640 முதல், உயர்சாதியினரிடம் பணியாற்றும் குருக்களோடு, பிற சாதியினரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற பிரிவு ஏற்பட்டது. வேதியர்களும் பெரும்பாலும் தத்தம் சாதியினருக்குள்ளேயே பணியாற்றினர். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் குறித்த சிக்கலில் இறுதி ஆணை வெளியிட்டபோது, பறையர் மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு ஏற்கப்பட்டது. அவர்களுக்குக் குருவானவரின் கவனிப்பு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிரிவினையை அது நீக்கவில்லை.

இந்தப் பின்னணியில் வேதியரின் நிலை இருபுறமும் கட்டுண்டது. பட்டம் அவரைப் பிறப்பைக் கடந்த பணிக்கு அழைத்தது. ஊர் அவரை அவர் பிறந்த தெருவுக்குள்ளேயே நிறுத்தியது.

குருக்கள் குறைந்த காலம்

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். அதையடுத்து இப்பகுதி முழுவதும் போர்க்களமானது. வீரமாமுனிவர் தெற்கே சென்று, பின்னர் சேரநாட்டு அம்பழக்காட்டில் 1747இல் காலமானார். 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் ஆதரவு நவாபுகளுக்காகப் பெரம்பலூர் பக்கத்து வாலிகண்டபுரம், இரஞ்சன்குடிப் பகுதியில் மோதினர். 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்தார். இருந்த குருக்கள் முதுமையடைந்து இறந்தனர்; புதியவர்கள் வரவில்லை. கர்நாடக மறைப்பணி புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையிடம் சென்றது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அங்கிருந்தும் ஆள் வருவது குறைந்தது. 1814இல் இயேசு சபை மீண்டும் நிறுவப்பட்ட பின்னும், அதன் குருக்கள் மதுரைப் பகுதிக்குத் திரும்ப 1830களின் இறுதிவரை ஆயிற்று.

ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளுக்கு நீண்ட இந்த இடைவெளியில் பல ஊர்களில் வழிபாடு வேதியர்களாலும் கோயிற்பிள்ளைகளாலும் தொடர்ந்தது. செபங்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. வேதியர் பணியும் பல இடங்களில் பரம்பரை உரிமையானது. இதனால் சமூகங்கள் அழியாமல் நிலைத்தன. அதே வேளையில், ஒழுக்கத்தால் வர வேண்டிய தலைமை குடும்பச் சொத்தாக மாறும் குறையும் சேர்ந்தது.

கும்பகோணம் மறைமாவட்டம் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்து 1899இல் பிரிக்கப்பட்டது. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை முதலிய அரியலூர்ப் பகுதி ஊர்களும் பெரம்பலூர்ப் பகுதி ஊர்களும் இன்று அதில் அடங்குகின்றன. பங்குக் குருக்களின் எண்ணிக்கை பெருகியதும், பள்ளிகள் பரவியதும், வேதியரின் பழைய அதிகாரம் சுருங்கியது. கோயிலைத் திறந்து மணியடித்து, ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் உதவியாளராக அவர் ஆனார்.

அன்பியம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. திருச்சபை என்பது இறைமக்கள் அனைவரும் என்ற அதன் பார்வை, பொதுநிலையினரின் தலைமையை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது. இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968இல் மெதெயீன் மாநாட்டில் அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்களை ஊக்குவித்தனர். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970களில் அவற்றைத் தங்கள் பணித்திட்டத்தின் மையமாக்கினர். ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடி, திருச்சபையைச் சமூகங்களின் ஒன்றிப்பாகக் காண அழைத்தது. தமிழ்நாட்டில் இச்சிறு சமூகங்களுக்கு அன்பியம் என்ற அழகிய பெயர் அமைந்தது.

ஒரு பங்கின் குடும்பங்கள், தெரு அல்லது குடியிருப்பு வாரியாகச் சில பத்துக் குடும்பங்கள் கொண்ட அன்பியங்களாகப் பிரிக்கப்படுகின்றன. உறுப்பினர் வீடுகளில் மாறிமாறிக் கூட்டம் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய ஏழு படி முறை பல இடங்களில் பின்பற்றப்படுகிறது: ஆண்டவரை அழைத்தல், விவிலியப் பகுதியை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை எடுத்துரைத்தல், மௌனம் காத்தல், பகிர்தல், செய்ய வேண்டிய செயலை முடிவு செய்தல், இணைந்து செபித்தல்.

பழைய வேதியர் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும். வேதியர் சொன்னார், மக்கள் திருப்பிச் சொன்னார்கள். அன்பியத் தலைவர் கேள்வி எழுப்புகிறார். மக்கள் தங்கள் வாழ்விலிருந்து பேசுகிறார்கள். அதிகம் பேசுபவரை அடக்கி, பேசத் தயங்குபவருக்கு இடம் தருவது அவருடைய முக்கிய வேலை. பொறுப்பு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே என்பதால் பரம்பரை உரிமைக்கு இடம் குறைகிறது. ஆண்களே வேதியர்களாக இருந்த நிலை மாறி, அன்பியங்களைப் பெண்கள் பெருமளவில் நடத்துகின்றனர். சீர்திருத்தச் சபைகளின் வீட்டு செபக் கூட்டங்களும் இதற்கு நெருங்கிய அமைப்புடையவை.

ஆனால் பழைய தடை ஒன்று புதிய வடிவில் தொடர்கிறது. தமிழகச் சிற்றூர்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதியின் எல்லை. தெருவாரியாக அன்பியத்தைப் பிரித்தால் அது தானாகவே சாதிவாரியான குழுவாகிவிடக்கூடும். அருகருகே உள்ள இரு தெருக்களை ஒரே வீட்டில் கூட்டுவது, ஏழு படிகளில் எதைக் காட்டிலும் கடினமான படியாகும்.

மதிப்பீடு

ஏலாக்குறிச்சி இன்று அடைக்கல மாதா திருத்தலமாகவும், வீரமாமுனிவரின் தமிழ்ப்பணியின் நினைவிடமாகவும் அறியப்படுகிறது. அங்கிருந்து பெருகிய செய்யுளையும் அகராதியையும் போலவே, வேதியர்களுக்கான அந்த உரைநடை நூலும் வரலாற்று ஆவணம். தொலைவில் இருக்கும் தலைமை, அருகில் இருக்கும் எளிய மனிதரை நம்பி ஒரு சமூகத்தை ஒப்படைத்ததன் சான்று அது. இராசநாயக்கனின் வாழ்க்கையோ, அந்த நம்பிக்கை சாதியின் முன் எவ்வளவு தூரம் சென்றது, எங்கே நின்றது என்பதன் சான்று.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே தமிழகக் கிறிஸ்தவச் சிறு சமூகங்களின் வரலாறு முழுமை பெறும். பெயர் அறியப்படாத வேதியர்கள் பலர் பங்குக் கோயில்களின் பழைய திருமுழுக்கு, திருமண ஏடுகளில் ஞானப்பெற்றோராகவோ சாட்சிகளாகவோ இடம்பெற்றிருக்கக்கூடும். ஊர் வரலாறு எழுத விரும்பும் பெரம்பலூர், அரியலூர் மாணவர்கள் அந்த ஏடுகளிலிருந்தும், முதியோரின் வாய்மொழிச் செய்திகளிலிருந்தும் தொடங்கலாம்.